வீடற்றவர்களுக்காக வேலை செய்ய ஆசை. கடன் வசூல் வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. பி.காம் முடித்துவிட்டு, வீட்டுக் கடன் தரும் ஒரு நிறுவனத்தில் தவணை தவறியவர்களைப் போனில் அழைத்துப் பேசும் வேலையில் இருக்கிறேன். ஐந்து வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தன்னார்வக் குழுவோடு போய், தெருவில் தங்கியிருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறேன். வாரத்தில் மனசுக்கு நிறைவான நாள் அதுதான். வேலையை விட்டுவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) சேரலாமா என்று யோசிக்கிறேன். நான் தெருவில் இருந்ததில்லை. ஆனால் எட்டாவது படிக்கும்போது வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்து, ஒன்றரை வருடம் பெரியம்மா வீட்டு ஹாலில் நாங்கள் நாலு பேரும் படுத்திருந்தோம். இதை வெளியே சொல்லலாமா, இதெல்லாம் ஒரு அனுபவமா என்று தெரியவில்லை. அம்மாவோ, "ஊருக்கு உழைக்கப் போயிட்டா நம்ம வீட்டு வாடகையை யார் கட்டுறது?" என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? இந்த வேலை என்னைத் தின்றுவிடுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தத் துறையில் சம்பளம் குறைவு. அதோடு, பல வேலைகள் ஏதாவது ஒரு திட்ட நிதியை நம்பி நடப்பவை. நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும். நேற்றுவரை அடுத்தவர் வாடகைக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தவர் இன்று தன் வாடகைக்கு அலைவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால் இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். ஆறு மாத வாடகையும் வீட்டுச் செலவும் தனியாகச் சேர்ந்த பிறகு யோசிக்கலாம். கையில் ஒன்றுமில்லாமல் வருகிறவர் முதலில் கிடைக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்வார். அது மோசமான நிறுவனம் என்று தெரிந்த பிறகும் அவரால் வெளியே வர முடியாது.

அடுத்தது, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிய விஷயம், உங்கள் இப்போதைய வேலை. கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தவணை தவறியவர்கள் முதல் மாதம் மன்னிப்புக் கேட்பார்கள். இரண்டாம் மாதம் ஒரு தேதி சொல்வார்கள். மூன்றாம் மாதம் போனை எடுக்க மாட்டார்கள். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் குளித்துக் கிளம்பிப் போகிறவர் இருப்பார். நீங்கள் அழைத்த அன்றுதான் மனைவிக்கே விஷயம் தெரிந்திருக்கும். வந்த கடிதங்களைப் பிரிக்காமலே அலமாரியில் போட்டு வைப்பவர்களையும் உங்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் வீட்டை இழக்கப் போகிறது என்பது எத்தனை மாதம் முன்னாலேயே குரலில் தெரிந்துவிடுகிறது என்பதை நீங்கள் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நேராகக் கல்லூரியிலிருந்து எங்களிடம் வருகிறவர்களுக்கு இது கிடையாது. தெருவில் படுத்திருப்பவரைப் பார்ப்பதிலிருந்துதான் அவர்கள் யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த மனிதர் தெருவுக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட எட்டு, பத்து மாதம் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீடற்றவர்களுக்கான வேலை என்றால் ஒரே வேலை என்று நினைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. வீடு கைவிட்டுப் போவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. தெருவிலோ தங்கும் விடுதியிலோ இருக்கும்போது ஒரு வேலை. மறுபடி ஒரு வீடு கிடைத்த பிறகு இன்னொரு வேலை. ஆசையோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நடுவில் இருப்பதைத்தான் கேட்கிறார்கள், வெளியில் தெரிவது அது ஒன்றுதான் என்பதால். ஆள் பற்றாக்குறை என்னவோ முன்னாலும் பின்னாலும்தான். உங்கள் திட்டத்தை அந்த இரண்டையும் வைத்துப் போடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன்.

வீடு போவதற்கு முன் செய்யும் வேலைக்கு நீங்கள் பாதி தயாராகவே இருக்கிறீர்கள். வாடகை பாக்கி விழுந்தவரோடு உட்கார்ந்து வரவு செலவு பார்ப்பது, ஓனரிடம் பேசித் தவணை வாங்கித் தருவது, வர வேண்டிய அரசு உதவிக்கு விண்ணப்பம் போடுவது, வந்த நோட்டீஸைப் படித்துச் சொல்வது, இவைதான் அன்றாட வேலை. கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பல நாடுகளில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆனால் முதல் கடிதத்தைப் பார்த்ததுமே மிரண்டு, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் ஏராளம். 'இது வெறும் எச்சரிக்கைதான், இதற்குப் பதில் எழுத இத்தனை நாள் இருக்கிறது' என்று சொல்ல ஒருவர் இருந்தால் போதும், அந்தக் குடும்பம் அந்த மாதம் அங்கேயே இருக்கும். உங்கள் பகுதியின் வாடகைச் சட்டத்தை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். சட்ட உதவி மையம், வாடகைதாரர் ஆலோசனை மையம், கடன் ஆலோசனை மையம் ஆகிய மூன்றும் உங்களைப் போன்றவரை எடுத்துக்கொள்ளக் கூடிய இடங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். இப்போது "எப்போ கட்டுவீங்க?" என்று கேட்கிறீர்கள். இனி "இந்த மாசம் பணம் எது எதுக்குப் போச்சு?" என்று கேட்க வேண்டும். பார்த்தால் சின்ன மாற்றம். ஆனால் ஐந்து வருடப் பழக்கம் குரலில் ஊறியிருக்கும், அது போகக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

சரி, தெருவுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை நிறைவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொட்டலம் கொடுக்கும்போது நீங்கள் கொடுப்பதும் அவர் வாங்குவதும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், மனசு நிறைந்துவிடும். சம்பளத்துக்குச் செய்யும் களப்பணியில் அது வாய்க்காது. அதே மனிதர் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு முகம் கொடுத்துப் பேச மாட்டார். மூன்று வாரம் அப்படியே போகும். நாலாவது வாரம் பெயர் சொல்வார், அதுவும் பொய்ப் பெயராக இருக்கலாம். போகட்டும், அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது கை, கால், குரல் பற்றித்தான். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். இரவில் அவரைத் தொட்டவர்கள் பெரும்பாலும் திருடவோ விரட்டவோ அடிக்கவோதான் தொட்டிருப்பார்கள். கால் பக்கமாக, இரண்டு மூன்று அடி தள்ளி நின்று குரல் கொடுங்கள். பேச ஆரம்பித்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். அவருடைய பைகளுக்கும் உங்களுக்கும் நடுவே இடம் விடுங்கள், வெளியே போகும் வழியை மறிக்காதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். "ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?" என்று கேட்காதீர்கள். அந்தக் கதையை அவர் எத்தனையோ அலுவலகங்களில் சொல்லி ஓய்ந்திருப்பார். "நேத்து ராத்திரி எங்க படுத்தீங்க?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் மழை, காவலர்கள் கிளப்பிவிட்டது, காணாமல் போன மாத்திரை, கூட இருப்பவர்கள், பயம் எல்லாம் தானாக வெளியே வரும். "படுக்கலைங்க, நடந்துட்டே இருந்தேன்" என்று ஒரு பெண் சொன்னால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருக்கும் பெண்களில் பலர் இரவெல்லாம் விழித்திருந்துவிட்டு வெளிச்சம் வந்த பிறகுதான் கண்ணை மூடுகிறார்கள். பகலில் படுத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

1985-இல் பாஸ்டன் நகரில் வீடற்றவர்களுக்கான மருத்துவப் பணிக்கு ஜிம் ஓகானல் என்ற இளம் மருத்துவர் வந்தார். அங்கே தங்கும் விடுதிக்குள் இருந்த சிறு மருத்துவ மையத்தின் செவிலியர்கள் அவரைச் சிகிச்சை செய்ய விடவில்லை. வருகிறவர்களின் கால்களை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழுவும் வேலையைக் கொடுத்தார்கள். நாளெல்லாம் நின்று நடந்து, ஈரக் காலணியோடு தூங்கும் கால்களுக்கு அது மருத்துவமும்தான். அதைவிட, மருத்துவர் கீழே, நோயாளி மேலே என்று உட்காரும் இடம் மாறியது. ஓகானல் பல பத்தாண்டுகள் அதே வேலையில் இருந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்லும் விஷயம் இது.

தெருவேலையின் மிச்சப் பாதி காகிதம். அடையாள அட்டைக்கு முகவரி கேட்பார்கள், முகவரிக்கு வீடு வேண்டும், வீடு வேண்டுமென்றால் ஓனர் அடையாள அட்டை கேட்பார். இந்த முடிச்சை அவிழ்க்க வரிசையில் அவரோடு நிற்பது, கவுன்டரில் இருப்பவர் "நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கும் போவது, அவர் பொறுமையிழந்து கத்தினால் வெளியே கூட்டிக்கொண்டு வந்து ஆற வைத்து மறுபடி உள்ளே கூட்டிப் போவது என்று நாள் கழியும். யாரும் கைதட்ட மாட்டார்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் இடம், சாவி கைக்கு வந்த பிறகு நடப்பது. நிறைய நிறுவனங்கள் சாவி கொடுக்கும் அன்றே ஃபைலை மூடிவிடுகின்றன. உண்மையில் கஷ்டமான கட்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல வருடம் வெளியே இருந்தவர் முதல் வாரங்களில் கட்டில் இருந்தும் கதவோரம் தரையில் படுப்பார். விளக்கை அணைக்க மாட்டார். பையைப் பிரித்து வைக்க மாட்டார். பகலில் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவார், பேச ஆள் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்க ஒரு நண்பர் வருவார். தெருவில் தனக்குப் பங்கு கொடுத்தவரை எப்படி வாசலில் நிறுத்துவது? அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் வருவார்கள். சத்தம், பக்கத்து வீட்டுப் புகார், ஓனரின் போன். நடுவில் மின்கட்டணம் என்று ஒன்று இருப்பதே மறந்திருக்கும். வீட்டை இழப்பது இப்படித்தான், பெரிய சம்பவம் ஒன்றுமில்லாமல். அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை போய்ப் பார்க்க, "அவரை எத்தனை நாள் தங்க விடலாம்னு நினைக்கறீங்க?" என்று கேட்க, ஓனரின் போனைத் தான் எடுக்க ஒரு பணியாளர் இருந்தால் நிலைமையே வேறு.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமல்ல. நியூயார்க்கில் மனநலப் பிரச்சினையுள்ள, வீடற்றோர் விடுதியிலிருந்து வெளியே வந்த 96 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 1997-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான சேவை. இன்னொரு குழுவுக்கு வெளியே வந்த பிறகு ஒன்பது மாதம், முதலில் நெருக்கமாக, போகப்போகக் குறைத்துக்கொண்டே வரும் துணை. பதினெட்டு மாதத்தில் முதல் குழுவினர் சராசரியாக 91 இரவுகள் வீடில்லாமல் கழித்தார்கள், துணை இருந்தவர்கள் 30 இரவுகள். அந்த ஒன்பது மாதத் துணையில் என்ன செய்தார்கள் என்பதை முடிந்தால் தேடிப் படியுங்கள். பெரிய வித்தை எதுவும் இல்லை. கூடவே இருந்தார்கள், ஊரில் அவருக்கென்று வேறு மனிதர்களைப் பிடித்துக் கொடுத்தார்கள், அப்புறம் விலகினார்கள்.

வேலைக்கு வந்தால் 'ஹவுசிங் ஃபர்ஸ்ட்' என்ற பெயர் காதில் விழுந்துகொண்டே இருக்கும். அதற்கு முன்பிருந்த முறையில் குடியை விடு, மருந்து சாப்பிடு, விடுதியில் ஒழுங்காக இரு, பிறகு வீடு தருகிறோம் என்பார்கள். 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அமைப்பு இதைத் தலைகீழாக்கியது. முதலில் வீடு, நிபந்தனை இல்லாமல். மற்றதெல்லாம் அவர் விரும்பும்போது. கனடாவில் ஐந்து நகரங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2009 முதல் 2013 வரை இதைச் சோதித்தார்கள். கடைசி ஆறு மாதத்தில் முழு நேரமும் வீட்டில் இருந்தவர்கள் இந்த முறையில் 62 சதவீதம், வழக்கமான சேவையில் 31 சதவீதம். ஃபின்லாந்து 2008 முதல் இதையே தேசியத் திட்டமாக்கி, பழைய விடுதிகளைத் தனித்தனி வீடுகளாக மாற்றியது. 1980-களின் பிற்பகுதியில் 18 ஆயிரத்துக்கு மேல் இருந்த வீடற்றவர்களின் எண்ணிக்கை 2023-இல் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் கீழே வந்தது. 2024-இல் மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு முறை இறங்கினால் இறங்கியதுதான் என்று இந்தத் துறையில் எதையும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, வீட்டை மட்டும் கொடுத்துவிட்டுத் துணையை வெட்டிவிடும் இடங்கள் உண்டு. கனடா சோதனையில் அதிகத் தேவை உள்ளவர்களுக்குப் பத்துப் பேருக்கு ஒரு பணியாளர் என்ற கணக்கில் குழுக்கள் இருந்தன. நாற்பது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு அதே பெயரைச் சொல்வது ஏமாற்று.

படிப்பு விஷயம் சுருக்கமாக. எம்.எஸ்.டபிள்யூ. நல்ல படிப்பு. மேற்பார்வை, மருத்துவமனை, மனநலப் பணி, நிர்வாகம் ஆகியவற்றுக்குப் போக வேண்டும் என்றால் அது தேவைப்படும். சில நாடுகளில் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு வேண்டும். ஆனால் அது முதல் படியாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்தால் வகுப்பில் சொல்வது மண்டையில் ஏறும், எந்தச் சிறப்புப் பாடம் வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். அதற்கு முன் ஒரு குறுகிய பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்பதைச் சொல்வேன். குடிப்பழக்கச் சிகிச்சையிலிருந்து வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த பேச்சுமுறை. மாறு என்று சொல்லாமல், மாற வேண்டும் என்ற பேச்சை அவர் வாயிலிருந்தே வரவைப்பது. உங்கள் போன் அனுபவத்தோடு இது நன்றாகப் பொருந்தும். அதோடு உங்கள் பி.காமை மறைக்காதீர்கள். நிதி கொடுத்தவருக்குக் கணக்குக் காட்டத் தெரிந்த களப்பணியாளர் எங்களுக்கு அபூர்வப் பிறவி.

பெரியம்மா வீட்டு ஹாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதுவும் அனுபவம்தான். ஐரோப்பாவில் வீடற்றோருக்கான அமைப்புகளின் கூட்டமைப்பான ஃபியான்ட்சா 2005-இல் வகுத்த பட்டியலில் நாலு பிரிவுகள் உண்டு: கூரையே இல்லாதவர்கள், விடுதிகளில் இருப்பவர்கள், நிலையில்லாத இடத்தில் இருப்பவர்கள், வசிக்கத் தகாத இடத்தில் இருப்பவர்கள். வேறு வழியில்லாமல் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பது மூன்றாவது. தெருவில் தலைகளை எண்ணும் கணக்கெடுப்பில் இவர்கள் வரவே மாட்டார்கள். ஹாலில் கடைசியாகப் படுத்து முதலில் எழுந்து பாயைச் சுருட்டுவது, பெரியம்மா முகம் எப்படியிருக்கிறது என்று பார்த்து நடந்துகொள்வது, பாத்ரூமுக்குக் காத்திருப்பது, இதையெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி இருக்கும் குடும்பம் ஒன்று உங்கள் முன் வந்து "எங்களுக்கு இடம் இருக்குதுங்க" என்று சொன்னால், அந்த 'இருக்குது' எவ்வளவு நாளைக்கு என்று கேட்க உங்களுக்குத் தோன்றும்.

ஆனால் உதவி கேட்டு வந்தவரிடம் அதைச் சட்டென்று சொல்லாதீர்கள். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்றதும் பேச்சு உங்கள் மேல் திரும்பிவிடும், அல்லது அவர் தன் கதையோடு ஒப்பிட்டுப் பார்த்து வாயை மூடிக்கொள்வார். வேலைக்கான நேர்காணலில் சொல்லலாம், இரண்டு வரியில், அதில் நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதோடு. வேலையில் சேர்ந்த பிறகு, எட்டாவது படிக்கும் பெண் பிள்ளை உள்ள குடும்பம் ஒன்று உங்களிடம் வரும் நாளில் மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் கடிக்கும். உங்களுக்குத் தெரிந்தவர்கள் சாவார்கள், அதுவும் சின்ன வயதில். இருந்தாலும் நான் பார்த்தவரை, ஆட்களைத் துறையிலிருந்து விரட்டுவது சோகக் கதைகள் இல்லை. கொடுக்க வீடு இல்லாமல், "இன்னும் வரலைங்க" என்று ஒரே மனிதரிடம் மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் ஆளை அரிக்கிறது. அதைத் தனியாகச் சுமக்க வைக்காத இடமாகப் பார்த்துச் சேருங்கள். அப்புறம் இரண்டு கட்டுப்பாடுகள். சொந்த போன் நம்பர் கொடுக்காதீர்கள், சொந்தப் பணம் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சம் போலத் தோன்றும். ஆனால் ஒருவருக்குக் கொடுத்தது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அவருக்குக் கூப்பிட வேறு எண் இருக்காது.

இனி செய்ய வேண்டியது. பணம் சேரும்வரை இப்போதைய வேலையில் இருங்கள். ஞாயிற்றுப் பொட்டலத்துக்குப் பதிலாக, வாரத்தில் ஒரு மாலை ஏதாவது ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் தன்னார்வலராக உட்காரக் கேளுங்கள். விளக்கணைக்கும் நேரத்தில் வரும் சண்டையையும், இடமில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் அடுத்த வாரம் போக மனசு வருகிறதா என்று பாருங்கள். வந்தால், வாடகைதாரர் ஆலோசனை அல்லது வீடு கிடைத்தவர்களுக்கான துணைப்பணி இரண்டில் ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். எம்.எஸ்.டபிள்யூ.வைப் பிறகு பகுதிநேரமாகப் பார்க்கலாம், சில நிறுவனங்கள் அதற்கு நேரமும் கட்டணமும் தருகின்றன.

நேர்காணலில் கடைசியில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு பணியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது தனியாகவா, இருவராகவா என்று கேளுங்கள். மேற்பார்வைக்கு மாதத்தில் எத்தனை மணி நேரம், அது கேஸ் கணக்குப் பார்ப்பதற்கா, உங்களைப் பற்றிப் பேசவும் இடமுண்டா என்று கேளுங்கள். போன வருடம் வீடு கிடைத்தவர்களில் எத்தனை பேர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறார்கள் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று சேரலாம். "சாவி கொடுக்கறதோட எங்க வேலை முடிஞ்சுதுங்க" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள்.